வானொலி சேர்ந்திசைக் குழு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எழும்பூர்ப் பக்கம் ஒரு சின்ன சேர்ந்திசைக் குழுவில் டெனர் குரல் பாடுகிறேன். ஞாயிறு மாலை ஒத்திகை. பாட்டு எங்களுக்குத் தொழில் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் உலகில் சில ஊர்களில் இதையே தொழிலாக, மாதச் சம்பளத்துக்கு, ஒரு வானொலி நிலையத்துக்காகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சேர்ந்திசைன்னா என்ன சார்? எல்லாரும் சேர்ந்து பாடுறதுதானே?

சேர்ந்து பாடுவதுதான். ஆனால் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. பொதுவாக நாலு குரல் வரிசை இருக்கும். பெண்களில் உச்சக் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், அடிக்குரல் பாஸ். ஒவ்வொரு வரிசைக்கும் தனி மெட்டு உண்டு. நாலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஐந்தாவதாக ஒன்று காதில் விழும். அதைத்தான் ஹார்மனி என்கிறார்கள்.

அப்போ தமிழ்த்தாய் வாழ்த்து பாடுறது சேர்ந்திசை இல்லையா?

நல்ல கேள்வி. மோகன ராகத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் அமைத்த அந்த மெட்டைக் கூட்டம் முழுவதும் ஒரே வரியாகப் பாடுகிறது. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதை ஒருமித்துப் பாடுதல் என்று சொல்லலாம். மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் போகும் பஜனை கோஷ்டி இன்னொரு வகை. அதில் ஒருவர் முதலில் பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

நம் வானொலி இவை எல்லாவற்றையுமே தாராளமாகச் ‘சேர்ந்திசை’ என்றுதான் அறிவிக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, சேர்ந்து பாடுவதற்கு எல்லாமே வாசல்தான். இந்தப் பக்கத்தில் மட்டும், பல குரல் வரிசை உள்ள பாட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

சினிமா பாட்டுல பின்னாடி வர்ற கோரஸ்தானே இது?

உறவு உண்டு. கோடம்பாக்கத்தின் கோரஸ் பாடகர்கள் அபாரமான திறமைசாலிகள், காலையில் கையில் கிடைத்ததை மதியத்துக்குள் பாடிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். ஆனால் சினிமாவில் அவர்கள் இன்னொருவர் பாட்டுக்குப் பின்னணி. வானொலிக் குழுவில் அவர்களே பாட்டு. முன்னால் தனியாக யாரும் நிற்பதில்லை.

வானொலிக்கு எதுக்குத் தனியா ஒரு குழு? வெளியில இருந்து கூப்பிட்டுப் பாட வெச்சா ஆகாதா?

வானொலி தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது டேப் கிடையாது. ஒலிபரப்பு முழுக்க நேரடி. இன்று காலை ஒரு வழிபாட்டுப் பாடல், மாலை ஒரு நாடகத்துக்கு இரண்டு நிமிடக் குழுப்பாட்டு, நாளை இரவு முழு நீள இசை நிகழ்ச்சி என்றால் ஒவ்வொரு தடவையும் ஆட்கள் நேரில் வந்து பாட வேண்டும். ஊரில் நன்றாகப் பாடுகிற அமெச்சூர் குழுக்காரர்கள் பகலில் ஆபீசில் இருப்பார்கள். அதனால் பாடகர்களை நிலையத்தின் ஊழியர்களாகவே வைத்துக்கொள்வதுதான் வசதி. லண்டனில் 1924-இல் ‘வயர்லெஸ் கோரஸ்’ என்ற பெயரில் அப்படித்தான் தொடங்கினார்கள். இன்றைய பி.பி.சி. சிங்கர்ஸ் அதன் வாரிசு. அதே ஆண்டு ஜெர்மனியில் லைப்சிக், அடுத்த ஆண்டு பெர்லினும் ஸ்டாக்ஹோமும்.

இதில் ஒன்றை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவேன். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி மதராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, சென்னையில் ஒலிபரப்பு ஆரம்பித்ததும் அதே 1924-தான். லண்டன் பாடகர்களுக்கு முதல் சம்பளம் வந்த காலத்தில், இங்கே ஆர்வலர்கள் சிலர் சொந்தக் கைப்பணத்தில் வானொலி நடத்திக்கொண்டிருந்தார்கள். 1927-இல் பணம் தீர்ந்து கிளப் நின்றுபோனது. 1930-இல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

டேப் வந்தப்புறம் அந்தத் தேவை போயிருக்கணுமே?

போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குள் இந்தக் குழுக்கள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தன. தினமும் ஒன்றாகப் பாடுகிற இருபது முப்பது பேரால், வாரம் ஒருமுறை கூடுகிற நூறு பேரால் முடியாததைச் செய்ய முடியும். என் சொந்த அனுபவமும் அதுதான். என் குழுவில் ஒரு கடினமான நாலு நிமிடப் பாட்டைத் தேற்ற எங்களுக்கு மூன்று மாதம் பிடிக்கும். தொழில்முறைக் குழு ஒன்று அதைவிடக் கடினமான ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒரு வார ஒத்திகையில் மேடையேற்றிவிடும். இசையமைப்பாளர்களுக்கு இது தெரிந்ததும், ‘இவர்களுக்கு எதையும் எழுதலாம்’ என்று எழுதத் தொடங்கினார்கள்.

எந்தெந்த நாட்டுல இருக்கு? ஜெர்மனியில மட்டும் ஏன் இவ்வளவு?

பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், லாத்வியா என்று பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் மட்டும் ஏழு: பெர்லினில் இரண்டு, லைப்சிக், ஹாம்பர்க், கொலோன், ஸ்டுட்கார்ட், மியூனிக்கில் ஒவ்வொன்று.

காரணம் இரண்டாம் உலகப் போர். தோற்ற ஜெர்மனியை நேச நாடுகள் பகுதி பகுதியாகப் பிரித்து நிர்வகித்தபோது, நாஜிகள் செய்ததுபோல ஒரே மத்திய வானொலி மறுபடி வரக் கூடாது என்று ஊருக்கு ஊர் தனி நிலையம் அமைத்தார்கள். ஒவ்வொரு நிலையமும் தனக்கென்று வாத்தியக் குழு, பாடகர் குழு வைத்துக்கொண்டது. ஹாம்பர்க், மியூனிக், ஸ்டுட்கார்ட் குழுக்கள் 1946-இல் பிறந்தவை, கொலோன் 1947, பெர்லினின் இரண்டாவது குழு 1948. வீடு இடிந்து, ரொட்டிக்கு ரேஷன் இருந்த வருஷங்கள் அவை. அப்போதும் பாட ஆள் எடுத்திருக்கிறார்கள்.

யார் காசுல சம்பளம்?

கேட்பவர்கள் காசில். ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம். பிரிட்டனில் டி.வி. லைசென்ஸ். நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் தபால் ஆபீசில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய தாத்தாக்கள் இருந்தார்கள். 1980-களின் நடுவில் அது நின்றது.

நம்ம சென்னை வானொலியில இதெல்லாம் இருந்ததா?

இருந்தது, வேறு உருவத்தில். அகில இந்திய வானொலி முதலில் வாத்தியங்களைத்தான் ஒன்று சேர்த்தது. 1952-இல் டெல்லியில் ‘வாத்ய விருந்தா’ என்ற தேசிய வாத்தியக் குழு தொடங்கியது. இந்துஸ்தானிக்கு ரவிசங்கர், கர்நாடக இசைக்கு டி.கே. ஜெயராம ஐயர். சென்னையிலும் அப்படி ஒரு பிரிவு ஏற்பட்டது. மேற்கத்திய இசைக்கு இங்கே ஹேண்டல் மானுவேல் இருந்தார். சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்தவர், எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவைப் பல ஆண்டுகள் நடத்தியவர். நாலு குரல் பாட்டைப் பற்றிச் சென்னையில் பேச ஆரம்பித்தால் அவர் பெயர் வராமல் போகாது.

தமிழ்ச் சேர்ந்திசை என்றால் எம்.பி. சீனிவாசன். 1925-இல் பிறந்தவர், மாணவப் பருவத்திலேயே இடதுசாரி, சினிமா இசையமைப்பாளர். 1961-இல் கே.ஜே. யேசுதாஸ் பாடிய முதல் சினிமாப் பாட்டு இவர் இசையில்தான். சென்னையில் சினிமா வாத்தியக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியதிலும் முன்னால் நின்றவர். இத்தனைக்கும் மேலாக அவர் மனசு கிடந்தது சேர்ந்து பாடுவதில். 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை உருவாக்கினார். வங்கி ஊழியர், ஆசிரியர், மாணவர் என்று வேறு வேலை பார்ப்பவர்களைக் கூட்டி வைத்து, பாரதியின் பாடல்களையும் இந்தியாவின் பல மொழிப் பாடல்களையும் பல குரல்களுக்கு அமைத்துப் பாட வைத்தார். வானொலிக்காகவும் இப்படி அமைத்துக் கொடுத்தார். 1988-இல் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் காலமானார். அவருடைய குழு அதன் பிறகும் பாடிக்கொண்டிருந்தது.

லண்டனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்றால், அங்கே நிலையம் பாடகர்களைத் தேடி வைத்துக்கொண்டது. இங்கே ஒரு மனிதர் பாடகர்களைத் தேடி, பயிற்சி கொடுத்து, பிறகு வானொலியின் வாசலுக்கு அழைத்து வந்தார். முழு நேரச் சம்பளம் மட்டும் இங்கேயும் பத்து வருஷம் கிடைத்திருந்தால் தமிழில் எவ்வளவு பாட்டு உருவாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு என்றைக்கும் உண்டு.

ஆம்பளைக்கு ஒரு கட்டை, பொம்பளைக்கு அஞ்சரைக் கட்டை. எப்படி ஒண்ணாப் பாட முடியும்?

கர்நாடக இசை கற்றவர்கள் தவறாமல் கேட்பது. ஒரே மெட்டை எல்லோரும் பாட வேண்டும் என்றால்தான் இந்தச் சிக்கல். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் பாதிப் பேர் கத்துவதும் மீதிப் பேர் முணுமுணுப்பதும் இதனால்தான். முதல் பதிலில் சொன்ன நாலு வரிசையில் ஒவ்வொன்றும் அந்தக் குரலுக்கு இதமான உயரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஆதார சுருதி ஒன்றுதான், ஆனால் அதன் மேல் ஒவ்வொருவரும் நடமாடும் மாடி வேறு.

நோட்ஸ் பார்த்துப் பாடுறாங்களே, மனப்பாடம் பண்ண மாட்டாங்களா?

நம் மேடையில் காகிதத்தைப் பார்த்துப் பாடினால் பாட்டு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். அங்கே கணக்கு வேறு. ஒரு வானொலிக் குழு இந்த வாரம் பாக் என்ற 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளரின் பாட்டு, அடுத்த வாரம் போன மாதம்தான் எழுதி முடித்த புதுப் பாட்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தேர்வில் முக்கியமாகப் பார்ப்பது, இதுவரை காணாத இசைக்குறிப்பைக் கையில் கொடுத்ததும் அப்படியே பாட வருகிறதா என்பதை. நாம் நாளிதழை எடுத்து வாசிப்பதுபோல அவர்கள் ஸ்வரத்தை வாசிக்கிறார்கள். மொழியும் அப்படியே: லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், எது வந்தாலும் உச்சரிப்புச் சுத்தமாக இருக்க வேண்டும்.

கண்டக்டர் கையை ஆட்டலேன்னா பாட மாட்டாங்களா?

தாளம் மட்டும் என்றால் பாடிவிடுவார்கள். சபாவில் ரசிகர்களே தொடையில் தட்டித் தாளம் போடுகிற ஊர்க்காரர்கள் நாம், இந்தக் கேள்வி நமக்கு வருவது இயல்பு. எதிரே நின்று குழுவை நடத்துகிற கண்டக்டரின் முக்கால்வாசி வேலை ஒத்திகை அறையிலேயே முடிந்துவிடும். ‘ஆ’ என்ற உயிரெழுத்தை இருபது பேரும் ஒரே வாய் அகலத்தில் சொல்ல வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ எல்லோருக்கும் ஒரே கணத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் மழைத்தூறல் மாதிரி ஒவ்வொன்றாக விழும். ஆல்ட்டோவின் குரலை சொப்ரானோ மூடிவிடக் கூடாது. மேடையில் நீங்கள் பார்ப்பது, அவையெல்லாம் நினைவில் இருக்கட்டும் என்ற சைகை.

அவ்வளவு நேரம் மூச்சு விடாம எப்படிப் பாடுறாங்க?

விடுகிறார்கள், முறை வைத்துக்கொண்டு. பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது. சொல்லின் நடுவில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

மைக் முன்னாடி பாடுறதுல என்ன பெரிய வித்தியாசம்?

ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தோம். மைக்செட்காரர் நல்ல மனிதர், எங்கள் பதினாறு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு மைக்காகக் கொடுத்துவிட்டார். பதினாறு தனிப் பாடகர்கள் ஒரே நேரத்தில் பாடியதுபோல இருந்தது. எங்கள் ஆறு வாரப் பயிற்சி அங்கேயே கரைந்தது.

வானொலி ஒலிப்பதிவில் குழுவுக்கு எதிரே, சற்று உயரத்தில், தள்ளி இரண்டொரு மைக் வைப்பார்கள். யார் குரலும் தனியாக அதில் விழக் கூடாது, காற்றில் கலந்த பிறகுதான் விழ வேண்டும். அதனால் வானொலிப் பாடகர்கள் அதிர்வைக் குறைத்து நேர்க்குரலில் பாடப் பழகினார்கள். ஓபரா பாடகரின் குரல் மூவாயிரம் பேர் அரங்கின் கடைசி வரிசைக்குப் போகப் பழகியது. வானொலிப் பாடகரின் குரல் ஓர் அறையில், ஒருவர் காதுக்கு. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டால் இந்த நெருக்கம் உடனே புரியும். எரிக் எரிக்சன் 1952 முதல் 30 ஆண்டுகள் நடத்திய ஸ்வீடன் வானொலிக் குழுவின் பதிவுகளைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அப்படி என்னதான் பாடுவாங்க? எல்லாம் சர்ச் பாட்டா?

பாதிக்கு மேல் அந்த வேரில் வந்ததுதான், மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் நாலு குரல் பாட்டு வளர்ந்த வீடு தேவாலயம். பாக்கின் மோட்டெட்கள் (பல குரல் பக்திப் பாடல்கள்), பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம், வெர்டியின் ரெக்வியம் (ரெக்வியம் என்றால் இறந்தவர்களுக்கான இசை) எல்லாம் எந்தக் குழுவின் அலமாரியிலும் இருக்கும். அப்புறம் பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து பாட வேண்டியவை: பெத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி, மாலரின் இரண்டாவது. நாட்டுப்புறப் பாடல்களும் கிறிஸ்துமஸ் பாடல்களும் தனி.

ஆனால் வானொலிக் குழுக்களின் உண்மையான சொத்து, அவர்கள் முதல்முதலாகப் பாடியவை. 19 வயதில் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘ஒரு குழந்தை பிறந்தது’ என்ற நீண்ட படைப்பை 1934 பிப்ரவரியில் முதலில் பாடியது லண்டன் வானொலிக் குழு. போலந்துக்காரர் பெண்டரெட்ஸ்கியை ‘லூக்கா எழுதிய பாடுகளின் வரலாறு’ (பாடுகள் என்றால் இயேசு பட்ட துன்பங்கள்) எழுதச் சொல்லிக் கேட்டது கொலோன் வானொலி, 1966-இல் அதன் குழு பாடி அரங்கேற்றியது. டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டிய எந்தக் குழுவும் இப்படிப்பட்ட துணிச்சலில் இறங்காது.

புதுசா எழுதினதெல்லாம் வெறும் சத்தம் மாதிரி இருக்கே சார்?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. லிகெட்டி என்ற ஹங்கேரியர் எழுதிய ரெக்வியத்தை 1965-இல் ஸ்டாக்ஹோமில் முதலில் பாடியவர்கள் ஸ்வீடன் வானொலிக் குழுவினர். அதில் பத்திருபது குரல் வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று அரை ஸ்வர இடைவெளியில் நகரும். எந்த மெட்டையும் பிடிக்க முடியாது. தேன்கூட்டின் பக்கத்தில் காதை வைத்ததுபோல இருக்கும். 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் அந்தக் கறுப்புக் கல் தோன்றும்போது உடம்பு சிலிர்த்தவர்கள் எத்தனை பேர்! அது இந்தப் பாட்டுதான். வெறுமே சத்தம் என்று நினைத்துக் கேட்காமல், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

கமகம் வெச்சு நாலு குரல்ல பாட முடியுமா? ராகம் கெட்டுப் போயிடாதா?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. கமகத்தில் ஒரு ஸ்வரம் தன் இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. ஹார்மனிக்கோ இரண்டு ஸ்வரங்கள் அசையாமல் நின்றால்தான் அவற்றுக்கு நடுவில் இனிமை பிறக்கும். இரண்டுக்கும் இயல்பிலேயே இழுபறி. அதனால் அனுபவமுள்ளவர்கள் ராகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மோகனம், சங்கராபரணம், கீரவாணி ஒத்துழைக்கும். தோடியையும் சஹானாவையும் பேகடாவையும் தொடாமல் விடுவதே அந்த ராகங்களுக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் தம்புரா. பின்னால் ஸ-வும் ப-வும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் அடிக்குரல் வேறு ஸ்வரத்துக்கு இடம் பெயரும்போது முட்டும். தம்புராவை எடுத்துவிட்டால் எங்களைப் போன்ற குழுக்களுக்குப் பாட்டு முடிவதற்குள் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். நாங்கள் கண்ட வழி, ஒத்திகை முழுக்கத் தம்புரா, கச்சேரியில் கிடையாது. கமகம் வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குரல் வரிசைக்கு மட்டும் அதைக் கொடுத்து, மற்ற மூன்றும் நீண்ட ஸ்வரம் பிடித்து நிற்கும். பாரதி தன் பாடல்கள் பலவற்றுக்கு ராகம், தாளம் எழுதிவைத்திருக்கிறார். அவர் குறித்த ராகத்தை மாற்றாமல் இந்த வழியில் அமைத்தால் கெட்டுப் போவதில்லை என்று பாடிப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

லண்டன் குழுவையே மூடப் போறதாச் சொன்னாங்களே?

2023 மார்ச்சில் பி.பி.சி. அப்படி அறிவித்தது. நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வருஷம் இருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். இசையமைப்பாளர்களும் உலகம் முழுக்கப் பாடகர் குழுக்களும் எதிர்த்து எழுதினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஒத்திகையிலும் அந்த வாரம் போனில் மனுவைத் திறந்து ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டோம். அதே மாதக் கடைசிக்குள் முடிவை நிறுத்திவைத்தார்கள். 2024-இல் குழு தன் நூறாவது ஆண்டைப் பாடிக் கொண்டாடியது.

எனக்கு நேரம் கம்மி. ஒண்ணே ஒண்ணு கேட்கணும்னா எதைக் கேட்கட்டும்?

பிரான்சிஸ் புலாங்க் எழுதிய ‘ஃபிகூர் யூமேன்’, மனித முகம் என்று பொருள். சுமார் 20 நிமிடம். வாத்தியம் எதுவும் கிடையாது. ஆறு ஆறாகப் பன்னிரண்டு குரல் வரிசை, இரண்டு குழுக்கள். 1943-இல் பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, பால் எலுவார் என்ற கவிஞர் ரகசியமாக வெளியிட்டு வந்த கவிதைகளுக்கு புலாங்க் மெட்டமைத்தார். பாரிஸில் அதைப் பாடினால் கைதுதான். இசைக்குறிப்பை மறைவாக அச்சடித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1945 மார்ச் 25-இல், போர் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கும்போது, பி.பி.சி. குழு அதை முதல்முறையாக, ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடியது.

கடைசிப் பகுதி ‘விடுதலை’ என்ற கவிதை. பள்ளிக்கூட நோட்டின் மேல், மரத்தின் மேல், மணலின் மேல் உன் பெயரை எழுதுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போகும். யார் பெயர் என்று கடைசிச் சொல்லில்தான் தெரியும். அந்தச் சொல்லில் சொப்ரானோ, மனிதக் குரலின் கூரையைத் தொடுகிற ஓர் உச்ச ஸ்வரத்துக்கு ஏறும். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒலி கம்மியாக இருக்கிறதே என்று கூட்டி வைத்துவிடாதீர்கள்.